துணி கட்டாத கம்பி

கம்பியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருசப்பன் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறினான். ஒரு கால் சுவரில், ஒரு கால் தண்ணீர்த் தொட்டியில். கீழே தேர் வீதியில் ஆட்டோக்காரர்கள் ஆசிரமத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்சாரி மாடியிலிருந்து அவனே கல் கட்டி வீசிய கறுப்புக் கம்பி வீதியைத் தாண்டி வந்து இந்த மாடியில் விழுந்திருந்தது.

"துணி கட்டலியா?" என்று மணிமொழி கேட்டாள்.

வாயிலிருந்து கம்பியை எடுத்தான். "துணி கட்டுனா எங்க பாய் பாத்துடுவாரு. தருமன் ஆளும் பாத்துடுவான். ரெண்டு பேருகிட்டயும் நான் ஒத வாங்கணுமா?"

"கட்டலன்னா?"

"மேல பாரு. நூறு கம்பி போவுது. நூத்தியொண்ணாவது கம்பிய எவன் எண்ணப் போறான். கீழ போயி பெட்டியில பச்ச லைட்டு வருதா பாரும்மா."

இறங்கிப் போய்ப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சிமிட்டாமல் எரிந்தது.

கட்டிலில் கிடந்த அவள் கணவன் அர்ஜுனன் தலையை மட்டும் திருப்பினான். "இன்னா, உயிர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி."

"அப்டியே எனக்கும் ஒரு கம்பி இழுத்துவுடச் சொல்லு அந்த ஆள."

மூன்று வருடத்துக்கு முன் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மல்லாக்கொட்டை மூட்டைகளின் மேல் நின்று கயிறு இறுக்கும்போது கயிறு அறுந்து மல்லாந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும். ஒரு முறை தவறி, அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று.

மணிமொழி செய்தது வீட்டிலிருந்து செய்யும் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். உடைந்த முதுகுத்தண்டுக்கு எத்தனையோ எண்கள் உண்டு. எந்த எலும்பு, முழுதாக அற்றுப்போனதா, கொஞ்சம் மிச்சமிருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். அர்ஜுனனுடைய எண் அவளுக்கு மனப்பாடம். அவனிடம் சொன்னதில்லை.

அவள் வீடு தேர் வீதியில் சேரும் சந்தின் முனையில் இருந்தது. அந்தச் சந்து கேபிள்காரன் தருமனின் ஏரியா. தருமனுடைய நெட் இணைப்பு தினமும் பதினோரு மணிவாக்கில் நிற்கும். ஒரு நாள் மழை என்பான். ஒரு நாள் கம்பியைக் குரங்கு கடித்துவிட்டது என்பான். மழையும் குரங்கும் இல்லாத நாளில் "மேலயே வரலம்மா" என்பான். மேலே என்றால் எங்கே என்று அவள் கேட்டதற்கு, கையைத் தூக்கி மலை இருந்த பக்கம் காட்டினான். புகார் எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் வரும், பிறகு பாட்டு வரும், பிறகு அறுந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று கைப்பேசியில் செய்தி வரும். ஒரே மாதத்தில் அப்படிப் பதினான்கு செய்திகள்.

எதிர்சாரியில் தொழில் செய்த நசீர் அகமதுவிடம் போய்க் கேட்டாள்.

"அது தருமன் ஏரியாம்மா," என்றார் அவர். "நான் உங்க சந்துல கால் வெச்சா நாளைக்கு அவன் என் தெருவுல வெப்பான். இருவது வருசமா சண்ட இல்லாம ஓடுது. உன் ஒருத்திக்காவ கெடுத்துக்கணுமா?"

நசீரின் லைன்மேன்தான் இருசப்பன். அவள் திரும்பும்போது பின்னாலேயே வந்து சொன்னான். எதிர்சாரி மாடியில் அவள் குடியிருப்பதாக விலாசம் போட்டு அவள் பேரிலேயே வாங்கிவிடலாம், கம்பியை அவன் இந்தப் பக்கம் இழுத்துக் கொடுப்பான். ஒரே ஒரு நிபந்தனை. யாருக்கும் தெரியக் கூடாது. "பாய் என்ன நிறுத்திட்டாருன்னா இந்த ஊர்ல எவனும் என்ன சேத்துக்கமாட்டான்."

தருமனுக்குச் சந்தேகம் வராமலிருக்க அவன் பெட்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டேன், இனி நெட் தேவையில்லை என்றாள். தருமன் முகம் வாடி, "அண்ணன் இப்பிடிக் கெடக்கறப்ப ஏம்மா வேலய வுட்ட?" என்று கேட்டான். அது மட்டும் அவளுக்குக் கொஞ்ச நாள் உறுத்தியது.

புது இணைப்பு நிற்கவேயில்லை. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோதுகூட அவள் பயப்படவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குச் சோதனை என்றது கடிதம். புதன்கிழமை ஒன்பதிலிருந்து ஆறு வரை, அவரவர் பெயரில் பதிவான கம்பி இணைப்பில் அறுபடாமல் வேலை செய்ய வேண்டும். தவறியவர்கள் திங்கள் முதல் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும். மணிமொழி புது இணைப்பின் எண்ணைப் பதிந்து அனுப்பினாள். பிறகுதான் காலண்டரைப் பார்த்தாள். புதன் கார்த்திகைத் திருவிழாவின் எட்டாம் நாள். தேருக்கு மறுநாள்.

தேர் வீதியைக் குறுக்கே கடக்கிற கம்பிகளையெல்லாம் தேரன்று இறக்கியாக வேண்டும். அதற்காகத்தான் துணி. தருமனுக்குச் சிவப்பு, நசீருக்கு மஞ்சள். துணி இருந்தால் உரியவன் வந்து அவிழ்த்துச் சுருட்டி வைப்பான், தேர்கள் நிலைக்கு வந்தபின் மறுநாள் காலை மாட்டிவிடுவான். துணி இல்லாததைக் கேட்டுப் பார்ப்பார்கள். யாரும் உரிமை சொல்லாவிட்டால் வெட்டுவார்கள். எங்கும் எழுதி வைத்த ஏற்பாடு இல்லை. வீதியில் எல்லோருக்கும் தெரியும்.

"தேரன்னிக்கு விடியறதுக்குள்ள நானே வந்து உன்னுத அவுத்துடறேன்," என்றான் இருசப்பன். "மறுநாள் மொத மாட்டறது உன்னுதுதான்."

ஏழாம் நாள் விடியற்காலை அவன் வரவில்லை. நசீர் அவனை வீதியின் அந்தக் கோடிக்கு அழைத்துப் போய்விட்டார். ஆறு மணிக்குக் கம்பி இறக்குகிறவர்கள் ஏணி வண்டியோடு சந்து முனைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் மூர்த்தி. வண்டிக்குப் பின்னால் தருமன். அவனுக்குப் பின்னால் நசீரும், தோளில் கம்பிச் சுருளோடு இருசப்பனும். மணிமொழி அர்ஜுனனைத் துடைத்துவிட்ட தண்ணீரைக் கொட்ட வாளியோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"செவப்பு," என்றான் மூர்த்தி.

"நம்புளுது," என்றான் தருமன். அவன் ஆள் ஏறி அவிழ்த்தான்.

"மஞ்ச."

"வா இருசப்பா, ஏறு," என்றார் நசீர்.

அப்புறம் மூர்த்தி அந்தக் கறுப்புக் கம்பியைத் தொரட்டியால் தட்டினான். "இது யாருது? துணியே இல்ல."

"எனுது இல்லப்பா," என்றான் தருமன். "பாய், உன்னுதா? ராவோட ராவா என் சந்துல குடித்தனம் வந்துட்டியா?"

"அந்தப் பொழப்பு எனக்கெதுக்கு? டேய் இருசப்பா, நம்மளுதா இது?"

ஏணியின் உச்சியில் நின்ற இருசப்பன், "இல்ல பாய்," என்றான்.

மூர்த்தி கம்பி போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தான். கண் அவள் வீட்டு மாடியில் வந்து நின்றது. "எம்மா, உங்க மாடிக்கில்ல போவுது? உங்களுதா?"

அவள் இருசப்பனைப் பார்த்தாள். அவன் ஏணிப்படியில் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தருமன் அவளைப் பார்த்தான். நசீரும் பார்த்தார்.

"தெரியல," என்றாள்.

"மூணு தரம் கேட்டாச்சி. அப்புறம் வந்து என்னக் கேக்கக் கூடாது." மூர்த்தி கை காட்டினான். கம்பி இரண்டாக விழுந்தது. ஒரு பாதி அவள் வாசலில் வந்து சுருண்டது. அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏன் தெரியலன்ன?" என்றான் அர்ஜுனன். எல்லாம் கேட்டிருந்தது.

"அந்த ஆளு நின்ன நெலமய நீ பாக்கல."

"நான் எதத்தான் பாத்தேன். நாளைக்கு நீ இன்னா பண்ணப் போற, அதச் சொல்லு."

எட்டு மணிக்குள் வீதியில் கூட்டம் நிறைந்தது. கைப்பேசியில் கோடுகள் இருந்தன, பேச முடியவில்லை. அத்தனை லட்சம் பேரும் அவரவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருசப்பன் எண்ணை எட்டாவது தடவை போட்டபோது கிடைத்தான். "கூட்டத்துல ஏணி வெக்க வுடமாட்டாங்கம்மா. உள்ள கண்ணாடி எழ, முடிச்சு போட்டா ஆவாது. ஒட்டுற மெஷினும் பாய்கிட்ட இருக்குது. எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்?" பிறகு, "நீ என்னக் காட்டிக் குடுக்கல. மறக்கமாட்டேன்," என்றான். அவள் வைத்துவிட்டாள்.

அர்ஜுனனைப் பன்னிரண்டு மணிக்குப் புரட்டிவிட்டு, சந்து வழியாகவே தருமன் கடைக்குப் போனாள். கடை வாசலில் அவன் அடியார்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, பழைய லைன திருப்பிக் குடுங்க. இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள நம்பர் வேணும். ஆபீஸ்ல பதியணும்."

"வேலய வுட்டுட்டன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

தருமன் மோர்க் குவளையை ஒரு கிழவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். "அந்தக் கம்பி உன்னுதுதானா?"

"ஆமா."

"யாரு இழுத்துக் குடுத்தது?"

அவள் மோர்ப் பானையைப் பார்த்தாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது போலும், மேலே கேட்கவில்லை.

"அவ்ளோ பேரு நின்னமே. என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெட்டியிருக்கமாட்டான். நானே அவுத்துச் சுருட்டி உன் கையில குடுத்திருப்பேன். அப்புறம் உன்னத் திட்டியிருப்பேன், அது வேற." அடுத்த குவளையை ஊற்றினான். "உன் பெட்டிய மேல அனுப்பிச்சாச்சும்மா. உன் நம்பர் இப்ப செத்துப்போச்சி. புதுசு வரணும்னா தீபம் முடிஞ்சிதான் ஆபீஸ தொறப்பான். என் கையில இல்ல. பதினோரு மணிக்கி நிக்கற லைனுதான், ஆனா இருந்திருக்கும்."

"வேற யாராச்சும் வூட்டுலருந்து..."

"உன் பேர்ல வேணும்ன்றியே. யாரு வூட்டு லைனுல உன் பேரு இருக்கும்?" பிறகு, அவள் கிளம்பும்போது, "மோர் குடிச்சிட்டுப் போ," என்றான். குடித்தாள்.

வீடு திரும்ப முடியவில்லை. பெரிய தேர் சந்து முனைக்கு வந்திருந்தது. வடத்துக்கு வழிவிட்டு எல்லோரையும் சுவரோடு ஒதுக்கியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் ஜனங்களின் முதுகுகள். யாரோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் கும்பிட்டார்கள். அவள் கைப்பேசியில் மணியைப் பார்த்தாள். இரண்டு. இரண்டேகால். தேர் நகரவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அர்ஜுனன் அதே பக்கமாகக் கிடந்தான். புரட்டி, முதுகைப் பார்த்தாள். சிவந்திருந்தது. தோல் கிழியவில்லை.

"தேரு பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குச் சிவப்புத் துணிக் கம்பிகளை மாட்டினார்கள். பிறகு மஞ்சள் துணிக் கம்பிகள். எட்டரைக்குப் பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. ஒன்பது மணிக்கு மணிமொழி கணினியைத் திறந்தாள். கைப்பேசி வழியாக இணைத்துப் பார்த்தாள். ஏற்கவில்லை. ஒன்பது இருபதுக்கு மேற்பார்வையாளர் எழிலரசி சென்னையிலிருந்து பேசினாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றாள். தேரைப் பற்றி மணிமொழி சொன்னாள். உங்களுக்கு முன்பே தெரியுமல்லவா என்று எழிலரசி கேட்டாள். தெரியும் என்றாள். வருகிறேன் என்றாள்.

பத்து மணிக்கு அர்ஜுனனைப் புரட்டினாள். பதினொன்றுக்குக் கீழ்பென்னாத்தூரில் அவன் அக்கா சந்திரம்மாளுக்குப் பேசினாள். தீபக் கூட்டம் கலைந்ததும் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போக வேன் அனுப்புவதாகச் சந்திரம்மாள் சொன்னாள். மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து வைப்பதாகவும் சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் அண்ணி என்றாள் மணிமொழி. காலையில் வயலுக்குப் போனால் மத்தியானம்தான் வருவேன், வந்து பார்க்கிறேன் என்றாள் சந்திரம்மாள். அர்ஜுனன் கேட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு அவனைப் புரட்டினாள். சோறு வடித்தாள். இரண்டு மணிக்கு மறுபடி புரட்டினாள்.