நமுனுகுல வேனும் புதன்கிழமை உபயமும்

கடந்த ஓகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் டிக்கெட் 940 ரூபாய். ஹப்புத்தளையில் ஜன்னலை மூட வைத்த குளிர், பதுளையில் இறங்கும்போது இல்லை. மலைநாடு என்று நினைத்துக் கம்பளிச் சட்டையோடு வருகிறவர்களை இந்த ஊர் ஏமாற்றிவிடும். சுற்றிலும் மலை இருந்தாலும் நகரம் பள்ளத்தில் இருக்கிறது. மழை விட்டுப் போய் வறண்ட காற்று அடிக்கும் இந்த மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் என்பார்கள்.

நான் பார்க்க வந்தது தேயிலையை அல்ல, ஒரு வேனை. பதுளையில் ஒரு பின்னணிப் பாடகருக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது. வாரம் இரு முறை, புதனும் சனியும், நமுனுகுல மலைத் தோட்டங்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளை ஏற்றிவந்து, இரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேனை அந்த மன்றம்தான் ஓட்டுகிறது. பாடகரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு எதிராளியான இன்னொரு பாடகரின் பெயரையும் எழுத வேண்டிவரும். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பதைத்தான் இந்தப் பயணத்தில் கண்டேன்.

மன்றத் தலைவர் தங்கராஜ், கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். பாட்டனார் காலத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம். வயது அறுபதை ஒட்டியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மொதலாளி’. கல்லாவுக்கு மேலே சாமி படங்களோடு சமமான உயரத்தில் பாடகரின் படம். அதற்கும் சந்தன மாலை.

“வேனுக்கு எப்படி டீசல் அடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கோயில் திருவிழா மாதிரித்தான் சார். ஒவ்வொரு நாளும் ஒருத்தரோட உபயம். கல்யாண நாள், அப்பா செத்த நாள், மகன் பாஸ் பண்ணுன நாள், எதுக்கு வேணும்னாலும் எடுக்கலாம். உபயகாரர் ஒரு பாட்டு சொல்லுவாரு. வேன் கெளம்பி மொதப் பாட்டு அதுதான். பேரையும் வாசிச்சுட்டுத்தான் போடுவோம், ரேடியோவுல வாசிப்பாங்களே, அந்த மாதிரி.”

“எந்தப் பாட்டும் கேட்கலாமா?”

“எங்க ஆளு பாட்டு எது வேணும்னாலும்.”

கடைக்கு வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சாரதி யோகன் இதைக் கேட்டுச் சிரித்தார். முப்பது வயதுக்காரர். “மத்தவரு பாட்டு போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகாது சார்” என்றார்.

மத்தவர் என்றால் அந்த இன்னொரு பாடகர்.

தங்கராஜ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்து விரித்தார். மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அடித்தது. முக்கால் பங்குக்குப் பாடகரின் முகம். கீழே மூலையில் தபால்தலை அளவில் மெலிந்த ஒருவரின் படம். ‘தேன்குரலால் உயிர்வாழும் நமுனுகுல ராஜமணி’ என்று எழுதியிருந்தது.

“பசறை வரைக்கும் ஒட்டினோம். தோட்டத்துக் கடையிலயும் ஒட்டியிருக்கு. நல்ல வசூல். ஆனா பாருங்க, இந்த ராஜமணி புதன்கிழமை வேன்ல ஏறல. யோகன் போய் ஹோர்ன் அடிச்சிருக்கான், காம்பராவ விட்டு வெளிய வரல. ஒரு முறை விட்டாலே உடம்புல தண்ணி சேந்துரும். ரெண்டாவது முறையும் விட்டா என்ன ஆகும்னு டொக்டர் சொல்லவே வேணாம். நாளைக்கு நானே போறேன். நீங்களும் வாங்க.”

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். போகும்போது வேனில் பாட்டு இல்லை. நோயாளிகள் ஏறிய பிறகுதான் உபயம் தொடங்கும் என்பது வழக்கம். பசறைக்குப் பத்தொன்பது கிலோமீற்றர். அங்கே ஒரு கடையில் தேத்தண்ணி, ஒன்று ஐம்பது ரூபாய். கடைச் சுவரில் அதே சுவரொட்டி. ராஜமணியின் படத்துக்கு யாரோ பேனாவால் மீசையை முறுக்கிவிட்டு, பக்கத்தில் ‘கட்சி மாறி’ என்று எழுதியிருந்தார்கள். தங்கராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“இது என்னடா யோகா?”

யோகன் தம்ளரைப் பார்த்தபடி சொன்னார்: “ராஜமணி அண்ணன் மத்தவரோட ஆளு மொதலாளி. அந்தக் காலத்துலேர்ந்தே. மலையில எல்லாருக்கும் தெரியும்.”

தங்கராஜ் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வேன் பசறையைத் தாண்டி ஏறத் தொடங்கிய பிறகு, முன் இருக்கையிலிருந்து திரும்பி என்னிடம் சொன்னார். இளைஞனாக இருந்தபோது வானொலியின் நேயர் விருப்பத்துக்கு மன்றத்தார் அஞ்சலட்டைகளாக எழுதி அனுப்புவார்களாம். ஆனால் சில வாரங்களில் நமுனுகுலவிலிருந்து அதைவிட அதிகமான அட்டைகள் மற்றவருக்குப் போய்விடும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒரே லயத்திலிருந்து நாற்பது, ஐம்பது பெயர்கள்.

“லயத்து நாய்க்குக்கூடப் பேரு போட்டு அனுப்பிருவான்னு சொல்லுவாங்க. அத எழுதுனது ராஜமணின்னு ஒருத்தன். ரேடியோவுல பேரு வரும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்ப மொகத்தப் பாத்ததே இல்ல. இந்த ராஜமணிதானா அது?”

“அவருதான்” என்றார் யோகன்.

நமுனுகுலவை அடையும்போது தேயிலைச் சரிவுகளில் வெளிச்சம் பரவியிருந்தது. மேற்கணக்கில் பார்வதி அக்கா ஏறினார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், நோய் வருமுன்பு கொழுந்து எடுத்தவர். ‘கணக்கு’ என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. தங்கராஜைப் பார்த்ததும், “ஆத்தாடி, மொதலாளியே வந்திருக்காரு. கொழுந்து நிறுக்கவா?” என்றார். வேனில் அவர் வைத்ததுதான் சட்டம் போலிருக்கிறது. ஜன்னலோர இருக்கையில் இருந்த என்னைக் கையாலேயே எழுப்பிவிட்டார்.

அங்கிருந்து கீழ்க்கணக்குக்கு இரண்டு கிலோமீற்றர் கல்பாவிய பாதை. தகரக் கூரையிட்ட ஒரு லயத்தின் முன் வேன் நின்றது. ஐந்தாவது காம்பராவின் வாசலில், பிளாஸ்டிக் கதிரையில் ராஜமணி உட்கார்ந்திருந்தார். சுவரொட்டியில் மெலிந்திருந்த முகம் இப்போது வீங்கியிருந்தது. கால் பாதங்கள் செருப்புக்குள் போகாத அளவுக்குத் தடித்திருந்தன. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

“வாங்க மொதலாளி. போட்டோ புடிக்க ஆளக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?” என்றார், என்னைக் காட்டி.

“விளையாடாத ராஜமணி. வண்டியில ஏறு.”

“எந்த மொகத்தோட ஏறுறது? காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல கூப்பிட்டுக் கேக்குறானுங்க, ‘என்னண்ணே, தேன்குரல் ரெண்டு சொட்டுக் குடிச்சீங்களா’ன்னு. நான் என்ன செத்தா போனேன், அந்தாளு குரல்ல உயிர்வாழ?”

அவர் மனைவி லெட்சுமி உள்ளேயிருந்து வந்தார். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை தயாராக இருந்தது. “ரெண்டு நாளாப் படுக்கவே இல்லண்ணே. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தேதான் இருக்காரு. பஸ்ஸுல போறேங்குறாரு. மூணு பஸ் மாறணும், வாசப்படிய எறங்கவே முடியல.”

தங்கராஜ் வாசற்படியில் அமர்ந்தார். வெள்ளை வேட்டி, செம்மண் படி. “தப்புத்தான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அடிச்சது தப்பு. கிழிச்சுப் போட்டுடறேன். ஏறு.”

“கிழிக்க வேணாம்.” ராஜமணி மூச்சு வாங்கினார். “ஒட்டுனது ஒட்டுனதாவே இருக்கட்டும். நான் ஒன்னு கேக்குறேன். இந்த வேனுக்கு இதுவரைக்கும் யாரு யாரு உபயம் எடுத்திருக்கா?”

“எல்லாம் நம்ம பதுளைக் கடைக்காரங்க, டீச்சர்மாருங்க, வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்க…”

“தோட்டத்து ஆளு?”

தங்கராஜ் யோசித்தார். யாரும் இல்லை.

“யாராச்சும் கேட்டீங்களா எங்ககிட்ட? எங்க கோயில் திருவிழாவுல பத்தாம் நாள் உபயம் இந்த லயத்தோடது. தேர் அலங்காரம், வாணம், சாப்பாடு எல்லாம் நாங்க. அப்ப யாரும் எங்களுக்குக் குடுக்கல, நாங்கதான் குடுத்தோம். ஒரு நாள் டீசல் எங்களால முடியாதா? டவுன் ஆளுன்னா குடுக்குறவன், தோட்டத்து ஆளுன்னா படத்துல மூலையில நிக்கிறவனா?”

“இல்லப்பா, அப்படி இல்ல…”

“புதன்கிழமை எங்க லயத்து உபயம். பாட்டு எங்க ஆளு பாட்டு. சரின்னா ஏறுறேன்.”

தங்கராஜின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் விற்பனைக்கு இருக்கும் வானொலிப் பெட்டிகளைச் சோதிக்கும்போதுகூட மற்றவரின் பாட்டு வந்தால் அலைவரிசையை மாற்றிவிடுபவர் அவர். “மன்றத்துல கேக்கணும்” என்றார் கடைசியில். “அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு, அதுல வச்சு…”

“அடுத்த ஞாயித்துக்கிழமையா?” என்றார் லெட்சுமி. கணவரின் கால்களைப் பார்த்தார். தங்கராஜும் பார்த்தார்.

வேன் ஜன்னலிலிருந்து பார்வதி அக்காவின் சத்தம் வந்தது: “யோவ், சண்டைய வண்டிக்குள்ள வச்சுக்குங்க! எனக்கு எட்டு மணிக்கு மெஷினு!”

தங்கராஜ் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “கூட்டம் கெடக்கட்டும். புதன்கிழமை உன் உபயம். ஏறு.”

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ராஜமணியை வேனில் ஏற்றினோம். லெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தங்கராஜ் முன் இருக்கையில் ஏறி, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். ராஜமணியின் மூச்சு வேன் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டபடி அவர் மெதுவாகச் சொன்னார்: “யோகா, மத்தவரு பாட்டு ஏதாச்சும் கெடைக்குமா? இப்பவே ஒன்னு போட்டுவிடு.”

“இருக்கு மொதலாளி.”

“இருக்கா? எப்படிடா இருக்கு?”

“நீங்க வராத நாள்ல… பார்வதி அக்கா கேப்பாங்க.”

“எங்க வீட்டுக்காரரு விரும்பிக் கேக்குற பாட்டு” என்றார் பார்வதி அக்கா, சற்றும் அசராமல். “அவரு போயி எட்டு வருஷமாச்சு. நீங்க ஒன்னும் அவருகிட்டப் போய்ச் சண்டை போட முடியாது.”

ராஜமணி கையை உயர்த்தினார். “இன்னைக்கு யாரு உபயம்?”

யோகன் உபயகாரர் பெயர் எழுதிய அட்டையைப் பார்த்தார். “பதுளை புடவைக்கடை அம்மா. அவங்க அம்மா நினைவா.”

“அப்ப அவங்க கேட்டதப் போடு. காசு குடுத்தவங்க பாட்டுதான் போடணும். என் முறை புதன்கிழமை.”

யோகன் பெயரை வாசித்தார். வானொலி அறிவிப்பாளரைப் போல நிறுத்தி நிறுத்தி, இறந்துபோன அந்த அம்மாளின் பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிறகு பாட்டு தொடங்கியது. தாயைப் பற்றிய பழைய பாட்டு. வேன் கல்பாதையில் குலுங்கி இறங்கியது. ராஜமணி கண்ணை மூடிக் கேட்டார்.

“எப்படி?” என்றார் தங்கராஜ், திரும்பாமலே.

“ரெண்டாவது சரணத்துல சுருதி எறங்குது.”

“எங்கடா எறங்குது? காது அடைச்சிருச்சா உனக்கு?”

“உடம்புலதான் தண்ணி, காதுல இல்ல.”

பசறை வரை இது ஓயவில்லை. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மதியம் கழித்து ராஜமணியைப் பார்த்தபோது முகவீக்கம் சற்று வடிந்திருந்தது. கட்டிலில் முதுகு சாய்த்துப் படுத்திருந்தார். இரண்டு நாளில் முதல் முறையாகப் படுத்திருக்கிறார் என்று லெட்சுமி சொன்னார். தூங்குகிறவரை எழுப்பாமல் வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்பு பஸ்ஸுக்காக நிலையத்தில் நின்றபோது வீட்டை நினைத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவிலும் நற்பணிகள் நடக்கின்றன. கொடுப்பவர்கள் ஒரு பக்கமும் வாங்குபவர்கள் மறுபக்கமும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக வாங்குபவர்களைச் சற்று முன்னால் வரச் சொல்வோம். அவர்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வழியனுப்பத் தங்கராஜ் வந்திருந்தார். ஒரு காதில் கைப்பேசியின் இயர்போன் வயர் தொங்கியது. யோகன் ஏற்றிக் கொடுத்த பாட்டுகளாம்.

“மத்தவரா?” என்றேன்.

“ஆமா சார். புதன்கிழமை நானும் வேன்ல போறேன். அவன் சும்மா இருக்க மாட்டான், எப்படின்னு கேப்பான். எங்க எறங்குதுன்னு சொல்லத் தெரியணும்ல? முழுசா ஒரு பாட்டக்கூட இதுவரைக்கும் நான் கேட்டதில்ல.”

“எங்கே இறங்குகிறது?”

“பொறுங்க. இன்னும் வரல” என்று கையைக் காட்டிவிட்டு, மற்றக் காதிலும் மாட்டிக்கொண்டார்.

பஸ் புறப்பட்டது. ஜன்னல் வழியாகக் கை அசைத்தேன். அவர் பார்க்கவில்லை. நிலையத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.