மாமிக்கு நூற்று அறுபத்துநாலு

எங்கள் வீட்டு ரேப் ரெக்கோடரில், கசெற் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் இருந்தது. உள்ளே மூன்று இலக்கச் சில்லுகள். கசெற் ஓட ஓட அவை உருண்டு எண்ணிக்கொண்டு போகும். பக்கத்துப் பொத்தானை அமத்தினால் மூன்றும் பூச்சியத்துக்கு வந்துவிடும். மற்ற வீடுகளில் அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பா அதற்கு மீற்றர் என்று பெயர் வைத்து, பூப்போட்டுக் கும்பிடாத குறையாகப் பார்த்துவந்தார்.

அப்பா தபால் கந்தோரிலிருந்து இளைப்பாறியவர். காலமெல்லாம் கடிதங்களைப் பிரித்துப் போட்ட கை சும்மா இருக்குமா? ஜேர்மனியிலிருந்து அண்ணை கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்து அனுப்பத் தொடங்கியதும் அந்தக் கைக்கு வேலை கிடைத்தது. கொழும்பிலிருந்து வருபவர்கள் கசெற்றைக் கொண்டுவந்து தந்தால், அப்பா அதையும் ரேப் ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு, கார் பட்டறி வைத்திருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போவார். அங்கே தனியே கேட்டு, ஒரு கொப்பியில் அட்டவணை எழுதிக்கொண்டு வருவார். பூச்சியம், சுகம் விசாரித்தல். முப்பத்தெட்டு, குளிர் பற்றிப் பொதுவாக. எழுபத்தொன்று, அம்மாவுக்கு. அந்த முறை வந்த கசெற்றில் நூற்று அறுபத்துநாலு, மாமிக்கு, அவருடைய ஒடியல் கூழைப் பற்றி. நூற்று எண்பத்தேழிலிருந்து இருநூற்று இருபத்தைந்து வரை, இரைச்சல்.

சொந்தக்காரர் வந்தால் அவரவர் பங்கை மட்டும் கேட்டுவிட்டுப் போகவேண்டும். அடுத்தவருடைய பங்கில் ஒரு சொல்கூடக் காதில் விழக்கூடாது.

யுத்த காலம், யாழ்ப்பாணத்துக்கு ரேடியோப் பட்டறிகள் கொண்டுவரத் தடை. கரண்டும் இல்லை. ஆகவே வீட்டில் கரண்ட் நான்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் சாய்த்து, அதன் வயரை ரெக்கோடரில் கொழுவி, கீழே பலகையில் உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றுவேன். நான் களைத்தால் அண்ணையின் குரல் கிழவரின் குரலாகும். வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். ரெக்கோடரின் நிறுத்தும் கட்டை எப்போதோ உடைந்துபோனதால், அண்ணையை நிறுத்துவதும் நான் கையை எடுப்பதும் ஒன்றாகிவிட்டிருந்தது. "சுத்து" என்பார் அப்பா. "நிப்பாட்டு" என்பார். அந்த வருடம் நான் கம்பசுக்கு, பல்கலைக்கழகப் படிப்புக்கு, எடுபட்டிருந்தேன். அப்பா என்னோடு கதைத்தது பெரும்பாலும் அந்த இரண்டு சொற்களில்தான்.

அதே வருடம்தான் மாமியின் மகனுக்கு என்னைக் கட்டிக் கொடுப்பதென்று அப்பாவும் மாமியும் முடிவெடுத்தார்கள். மாமி அப்பாவின் தங்கை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம். மச்சான் நல்லவர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னோடு கதைத்ததைவிடப் புகையிலைக் கன்றுகளோடு கூடக் கதைத்திருப்பார். எனக்கு மருந்துக்கும் விருப்பமில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கலியாணத்துக்கு நாள் வைக்க மாமி பஞ்சாங்கத்தோடு வருவதற்கு நாலு நாள் முன்னர் மீற்றர் நின்றுபோனது. அதைச் சுழற்றும் மெல்லிய றப்பர் வளையம் அறுந்துவிட்டது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது. அப்பா பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி மாட்டினார். சில்லுகள் திரும்ப உருண்டன. அந்தத் தடித்த வளையம் வழுக்கி வழுக்கி, எண்கள் கசெற்றுக்குப் பின்தங்கி வருவதை அவர் கவனிக்கவில்லை. உருளுகிறதே, அது போதாதா!

மாமி வந்தார். பஞ்சாங்கத்தை விரிப்பதற்கு முன், ஜேர்மனி மருமகன் தன்னைப்பற்றி என்ன சொன்னான் என்று கேட்கவேண்டும் என்றார். நான் பெடலைச் சுற்ற, அப்பா கசெற்றை முதலுக்கு ஓட்டி, பொத்தானை அமத்தி, கொப்பியைப் பார்த்து, நூற்று அறுபத்துநாலில் கொண்டுவந்து விட்டார்.

"சுத்து."

சுற்றினேன். மாமியின் ஒடியல் கூழைப் பற்றி வரவேண்டிய இடத்தில் அண்ணை சொன்னான்: "அப்பா, இது மாமியின்ரை காதிலை விழவேண்டாம், மனிசி கத்தும்."

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிப்பாட்டு" என்றார் அப்பா.

வாழ்க்கையில் முதல்தரமாக எனக்குக் காது கேட்கவில்லை. நான் சுற்றிய அவசரத்தில் அண்ணையின் குரல் தடித்தும் மெலிந்தும் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சீராகச் சுற்றினேன்.

"மச்சானுக்குத் தங்கச்சியைக் குடுக்கிறதெண்டு எழுதியிருந்தியள். அவள் கம்பசுக்கு எடுபட்ட பிள்ளை. அவளை ஒருக்கால் கேட்டனீங்களோ? கேளாமல் நாள் வையாதேங்கோ."

அப்பா வயரைப் பிடுங்க எழும்பினார். "மிசின் பிழை. உது வெறும் இரைச்சல்" என்றார், கொப்பியில் எழுதியிருந்தபடியே.

"இருங்கோ அண்ணை" என்றார் மாமி. அந்தக் குரலுக்கு அப்பா இருந்துவிட்டார். பிறகு மாமி என் பக்கம் திரும்பினார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"உன்னைக் கேட்டவையோ பிள்ளை?"

"இல்லை மாமி."

"அப்ப நான் கேக்கிறன். உனக்கு என்ரை பெடியனைக் கட்ட விருப்பமோ?"

பெடலை விட்டேன். "விருப்பமில்லை மாமி. நான் படிக்கப்போறன்."

அம்மா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவமானத்தில் மாமியின் முகம் சிவந்துதான் இருந்தது. பின்னர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"என்னைக் கட்டிக்குடுக்கேக்கை என்னையும் உவர் கேக்கேல்லை" என்றார், அப்பாவைக் காட்டி. "கேட்டிருந்தால் நானும் உவள் சொன்னதைத்தான் சொல்லியிருப்பன்."

அத்தனை காலமும் மாமியை மனதுக்குள் நான் திட்டிய திட்டையெல்லாம் அப்போது விழுங்கினேன். எழும்பிப்போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.