ராக்கம்மாவைத் தலைவராக்கிய அமெரிக்கப் படம்

போன மாதம் ஹட்டனில் மூக்குக்கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கடைக்காரர் சட்டத்தைத் திருகிக்கொண்டிருக்க, மேலே தொலைக்காட்சியில் அமெரிக்கக் கட்சி மாநாடு ஒன்று ஓடியது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற மாநாடு. பலூன்கள் கொட்ட, ஆட்கள் மாநிலப் பெயர் எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணாடியில்லாத கிழவனுக்கு அதில் என்ன தெரிந்தது என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதாம் ஆண்டு வாக்கில் நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், படம் காட்டும் வண்டி ஒன்று மைதானத்துக்கு வந்தது. டீசல் புகையும் மழையில் நனைந்த கம்பளிகளின் வாசனையும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பேச்சும் அமெரிக்க ஆங்கிலம். வண்டிக்காரர் ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்து, "மாஸ்டர், நீங்க தமிழ்ல சொல்லுங்க" என்றார். நான் படித்த ஆங்கிலம் வேறு, அவர்கள் மூக்கால் பேசிய ஆங்கிலம் வேறு. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம்.

பத்திரிகையில் படித்த அறிவை வைத்துச் சமாளித்தேன். ஒவ்வொரு மாநிலமும் தன் பிரதிநிதிகளை அனுப்பும். பெயர்களை முன்மொழிவார்கள். பிறகு அகர வரிசையில் மாநிலங்களைக் கூப்பிட, எங்கள் வாக்கு இத்தனை, இன்னாருக்கு என்று எழுந்து சொல்வார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து கூப்பிடுவார்கள். இவ்வளவும் சரிதான். அப்போது திரையில் இறகுத் தொப்பி வைத்த ஒரு பெண் எழுந்து தன் மாநிலத்தின் வாக்குகளைச் சொன்னாள்.

"வாத்தியாரய்யா, அங்க பொம்பளைகளும் ஓட்டு சொல்றாங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கேட்டவர் ராக்கம்மா. தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலாம் லயத்தில் இருந்தவர், கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி.

படத்தில் பேசியவர் நீளமாக ஏதோ சொன்னார். 'ஹாஃப்', அதாவது பாதி, என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. "ஆமாங்க! ஒவ்வொரு மாநிலத்துலயும் பாதிப் பேரு பொம்பளைங்கதான். அதுதான் அங்க சட்டம்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன்.

தோட்டத்தில் அப்போது தொழிற்சங்கக் கமிட்டிக்குத் தலைவர் இல்லை. இருந்தவர் நல்லதண்ணிப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். வழக்கமாக நாலு ஆண்கள் கோயில் வாசலில் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ராக்கம்மா, "அமெரிக்காவுல மாதிரி லயத்துக்கு நாலு பேரு வரணும், ரெண்டு ஆம்பளை, ரெண்டு பொம்பளை. வாத்தியாரே சட்டம்னு சொல்லிட்டாரு" என்றார். ஆண்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் மறுக்கவில்லை. நாட்டுத் தேர்தலில் எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வாக்கில்லாத காலம் அது. பிரஜாவுரிமைச் சட்டம் அதைப் பறித்துவிட்டிருந்தது. வாக்குப் போடுவது என்றதுமே எல்லார் முகத்திலும் ஒரு களை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மாநாடு. ஆறு லயம், இருபத்துநாலு பேர். பிள்ளைகளின் சிலேட்டில் லய எண்ணை எழுதி, விளக்குமாற்றுக் கம்பில் கட்டித் தூக்கிவந்தார்கள். பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. பெரிய கங்காணியின் மருமகன் வேலாயுதம் ஒரு வேட்பாளர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அந்தோணி இன்னொருவர். நாலாம் லயம் ராக்கம்மாவை முன்மொழிந்தது.

ராக்கம்மா எழுந்து ஒரே விசயம்தான் பேசினார். கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மாரை, பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கிவர, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு விடுவதில்லை. "பால் கட்டி நெஞ்சு வலிக்குது. அங்க புள்ள அழுவுது. இத எந்த ஆம்பளை தொரைகிட்ட போயி சொல்லுவாரு? அவருக்கே வெக்கமா இருக்கும்" என்றார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

முதல் சுற்றில் வேலாயுதத்துக்குப் பத்து, அந்தோணிக்கு எட்டு, ராக்கம்மாவுக்கு ஆறு. இரண்டாம் சுற்றிலும் அதே கணக்கு. மூன்றாவது முறை நான் வாயைத் திறக்குமுன் அந்தோணி எழுந்தார். "எனக்குப் போட்டவங்க அக்காவுக்குப் போடுங்க. எம் பொண்டாட்டியும் அந்த மலையிலதான் நிக்கிறா" என்றார். பதினாலுக்குப் பத்து. சிலேட்டுகள் மேலே போன வேகத்தில் இரண்டு உடைந்தன. பிறகு நான்தான் பெற்றோருக்குப் பதில் சொன்னேன்.

அடுத்த வாரம் தோட்டத்தை நடத்தும் துரை, "எங்கே தலைவர்?" என்று ஆபீஸ் வாசலில் தேடினாராம். "நாந்தாங்க தலைவரு" என்று ராக்கம்மா முன்னால் போய் நின்றார். கேட்டது கிடைத்தது. தாய்மார் பத்து மணிக்கு இறங்கிவந்தார்கள். கண்டாக்கு மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். அமெரிக்க மாநாடுகளில் அப்போது அப்படி ஒரு சட்டமே இல்லை என்பதைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எழுபதுகளில் இரு நாட்டு ஒப்பந்தப்படி ராக்கம்மா குடும்பத்தை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பியபோது, ஹட்டன் ஸ்டேஷனில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வேளை வாத்தியாரே, அன்னைக்கே சொல்லாம போனீங்க."

அந்த ஆறு லயத்தில் இப்போது இரண்டுதான் மிச்சம். மைதானத்தில் லீக்ஸ் பயிரிட்டிருக்கிறார்கள். பிரதிநிதிகளாக வந்த இருபத்துநாலு பேரில் பாதிக்கு மேல் ராக்கம்மாவைப் போலக் கப்பலேறிவிட்டார்கள். இப்போதெல்லாம் தலைவர் பெயர் டவுனிலுள்ள சங்க ஆபீஸிலிருந்து எழுதி வருகிறது. இந்தியா போன புதிதில் கூடலூரிலிருந்து ராக்கம்மா யாரையோ கொண்டு எழுதுவித்து ஒரே ஒரு கடிதம் போட்டார். "இங்கே கமிட்டிக்குப் பெண்களைக் கூப்பிடுவதில்லை. பாதிப் பேர் பெண்கள்தான், அது சட்டம் என்று சொல்லியிருக்கிறேன்" என்று அதில் இருந்தது. பதில் போட்டேன். முகவரிக்காரர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.