குப்புறக் கிடந்தபோது கேட்ட குரல்

என் பிடரியில் பட்ட ஒரு குளிர்ந்த உள்ளங்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பிறகு ஒரு குரல். "பாப்பா, கால் விரலை ஆட்டு." நான் அப்போது செம்பரம்பாக்கம் ஏரியின் அடியில் கிடந்தேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது. சுற்றிலும் பச்சைத் தண்ணீர், எங்கோ உயரத்தில் வெயில், உடம்புக்கு எடையே இல்லை. கூப்பிடுகிறவர் கரையில் நிற்கிறார். என் கால் விரல்கள் எங்கே போயின என்று தண்ணீருக்குள் நிதானமாகத் தேடினேன். அவசரமே இல்லை. குரல் மறுபடியும் கேட்டது.

எனக்குப் பதினான்கு வயது. ஸ்ரீபெரும்புதூரில் பள்ளி மைதானத்தில் குனிந்து பாதத்தைத் தொட்டபோது என் முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழுவதை விளையாட்டு ஆசிரியை பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போகும் மணிமங்கலம் சாலைபோல இருந்தது முதுகெலும்பு. பெல்ட் போட்டுச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது, விட்டால் வளைவு இன்னும் கூடி மூச்சையும் நெருக்கும், கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காலு வராம பூட்டா இன்னா சார் பண்றது?"

அப்படி ஆவது மிக அபூர்வம், ஆனால் ஆகவே ஆகாது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அப்பா. பேச்சு எப்போதுமே குறைவு. வீடு திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் கேட்டார், "உனக்கு இன்னாம்மா தோணுது?" மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. தாவணி ஒரு தோளில் நிற்காமல் சரிந்தது. பண்ணிக்கொள்கிறேன் என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். வீட்டில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நடுவுல உன்னை லேசா எழுப்ப வேண்டி வரலாம். வலிக்காது பாப்பா. நான் கூப்பிட்டா விரலை ஆட்டணும், அவ்வளவுதான். அப்புறம் நீ பாட்டுக்குத் தூங்கிடு."

இருவரும் ஒத்திகை பார்த்தோம். நான் கண்ணை மூடிக்கொள்வேன். மின்விசிறிச் சத்தத்துக்குள் அவர் மெல்லக் கூப்பிடுவார். போர்வைக்குள் விரல்கள் ஆடும். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இதெல்லாம் உனக்கு ஞாபகமே இருக்காது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கால்கள் வந்தன. உயரமும் கொஞ்சம் கூடியது. ஆனால் கண்ணாடி முன் நின்றால் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் ஒரு சாய்வு மிச்சமிருந்தது. "முழுசா நிமித்தி வுட்டிருக்கலாம்" என்று அம்மா முணுமுணுப்பாள். எனக்கும் அந்தக் குறை உண்டு. புடவை கட்டும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் ஒரகடம் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒருவரிடம், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். கன்வேயர் இரைச்சல், சைரன், எல்லாம் சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டன. மயக்கம் கொடுத்த அதே டாக்டரம்மா; தலை முழுக்க நரைத்திருந்தது அவருக்கு. நான் யாரென்று சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முகம் ஞாபகமில்லம்மா. ஆபரேஷன் பூரா குப்புறத்தானே படுத்திருந்தே. ஆனா உன்னை மறக்க முடியுமா? வலது கால் ஆடுச்சு. இடது கால் ஆடவே இல்ல."

கம்பியை முழுதும் இழுத்து நிமிர்த்திய பிறகு, கால்களுக்குப் போகும் நரம்பின் சிக்னல் குறைவதைக் கருவி காட்டியிருக்கிறது. என்னை எழுப்பியிருக்கிறார்கள். இடது கால் அசையாததைப் பார்த்ததும் பெரிய டாக்டர் கம்பியைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார்.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கட்டைவிரல் மட்டும் அசைஞ்சுது. இதுக்கு மேல நிமிர்த்த வேணாம்னு அதோட நிறுத்திட்டாரு. உங்கப்பாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டோமே!"

அன்று மாலை அம்மா வீட்டுக்குப் போனபோது அப்பா மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"சொல்லியிருந்தா நீ ஒவ்வொரு அடியும் கீழ பாத்துகினே நடந்திருப்பம்மா."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் கல்யாணத்தன்று மணமேடைக்கு நடந்து வந்தபோது, எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அழுகிறார் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தேன். அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.