பருந்தின் தலையை ராவிய வெள்ளிக்கிழமை

உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடிகிற மாதத்தில், உம்மா வரவில்லை, ஒரு பெட்டி வந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய நிந்தவூர்ப் பெண் ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்தார். அத்தர், பால்மா, எனக்கு இரண்டு சட்டை, ஒரு கம்பளி. கம்பளிக்குள் சுற்றியிருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பித்தளைக் கேடயம். நடுவில் சிறகு விரித்த பருந்து, அதன் காலடியில் ஒரு போர் விமானம், ஓரத்தைச் சுற்றி அரபு எழுத்து. உம்மா வேலை செய்த வீட்டுக்காரர் விமானப்படையில் பெரிய ஆளாம். அவருடைய ஞாபகச் சின்னங்களில் ஒன்றை வீட்டுக்காரி உம்மாவுக்குக் கொடுத்தாராம். எனக்கு அப்போது எட்டு வயது. கம்பளியை உதறி உதறிப் பார்த்தேன். எப்போது வருவேன் என்று உம்மா எழுதிய கடிதம் எதுவும் விழவில்லை.

கேடயத்தை எங்கே வைப்பது என்பதில் வாப்பா இரண்டு நாள் தவித்தார். கீழே வைத்தால் அரபு எழுத்துக்கு மரியாதைக் குறைவு, மேலே வைத்தால் பறவை உருவத்துக்கு மரியாதை செய்ததாகிவிடும். கடைசியில், தொழுகிற பக்கம் அல்லாத சுவராகப் பார்த்து, முன் அறையில் ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்தார். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த எழுத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திவிட்டுப் போனார்கள். அதில் இருந்தது படைப்பிரிவின் பெயர் மட்டும்தான் என்பதை நான் பெரியவளாகி வாசித்துத் தெரிந்துகொண்டபோது, யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடல். உப்புக் காற்று பட்டால் பித்தளையில் பச்சை பிடிக்கும். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் வாப்பா சைக்கிள் கடையைத் திறக்க முன்பே கேடயத்தைக் கழற்றி, தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துடைத்து, பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசுவார். என் தலைக்கு எண்ணெய் வைக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, பருந்துக்கு இருந்தது. என் தலையை வாரிவிட்டது பக்கத்து வளவில் இருந்த சாச்சி. அவருக்கே நான்கு பிள்ளைகள். சீப்பு என்னிடம் வரும்போது பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

வீடும் அப்போது பாதிதான் முடிந்திருந்தது. முன் அறைக்கும் குசினிக்கும் தகரம் போட்டிருந்தோம். பின்னால் இருந்த அறைகள் ஜன்னல் மட்டத்தோடு நின்றன, அவற்றில் ஆடுகள் படுத்தன. பின்னேரங்களில் நான் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துக்கு எனக்கு இருந்ததைச் சொல்லச் சொல் தெரியாமல், வயிறு வலிக்கிறது என்று சாச்சியிடம் சொல்வேன். அவர் ஓமத்தண்ணி தருவார்.

அந்த நாட்களில்தான் ஓதப்பள்ளியில் லெப்பை ஒரு விஷயம் சொல்லித் தந்தார். உயிருள்ளவற்றின் உருவம் இருக்கிற வீட்டுக்குள் ரஹ்மத்துடைய மலக்குமார், அல்லாஹ்வின் அருளைக் கொண்டுவருகிற வானவர்கள், நுழைய மாட்டார்கள். உம்மா வரவேண்டுமென்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மலக்குமார் வாசல் வரைக்கும் வந்து, பருந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்! கையை உயர்த்தி, அப்படி ஒரு உருவம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தலையை எடுத்துவிட்டால் அது உருவமில்லை என்றார் லெப்பை.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போனதும் கதிரையில் ஏறிக் கேடயத்தைக் கழற்றினேன். வாப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து தட்டை அரத்தை எடுத்தேன். கேடயத்தைத் தரையில் வைத்து, விமானத்தின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ராவினேன். பருந்தின் தலை என் பெருவிரல் நுனி அளவுதான், ஆனாலும் லேசில் போகவில்லை. முதலில் சொண்டு போனது. பல் கூசியது. கண்ணை ராவும்போது பாவமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு ராவினேன். பிறகு தேசிக்காய் தேய்த்து மாட்டிவிட்டு, யாரோ வரப்போவது போல முன் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

வந்தது வாப்பா. தொப்பியைக் கழற்றும்போதே கண்டுவிட்டார்.

“ஆரு புள்ள இதச் செஞ்ச?”

“நான்தான் வாப்பா. இனி மலக்குமார் வருவாங்க. உம்மாவும் வருவா.”

அடிக்கத்தான் கையை ஓங்கினார். அந்தக் கை என்மேல் விழாமல் பருந்தின் கழுத்துக்குப் போய், ராவிய இடத்தைத் தடவிக்கொண்டு நின்றது. என்னைச் சாப்பிடச் சொன்னார். அவர் சாப்பிடவில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் கோல் வந்தது. வாப்பா பேசி முடிக்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. போனைப் பிடுங்கிச் சொன்னேன்: “உம்மா, பருந்துட தலைய ராவிப்போட்டன். இனி நீங்க வரலாம்.”

உம்மா சொன்னார்: “நல்ல வேலதான் செஞ்சிரிக்க, எண்ட மகள். போன வாப்பாட்டக் குடு.” வாப்பா போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஆடுகள் இருந்த பக்கம் போனார். திரும்பி வர வெகு நேரமானது.

உம்மா அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. கண் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு தரம் ராவினேன், கழுத்தும் போய்விட்டது. வாப்பா மிச்சம் இருந்ததைத் தேய்த்து எண்ணெய் பூசி வந்தார்.

உம்மா வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. பின் அறைகள் எழும்பி, ஓடு போட்டு, பெயின்ற் அடித்து முடிந்திருந்தன. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். நான் ஒரே மகள். இப்போது என் கணவரோடும் பிள்ளைகளோடும் நான் இருப்பது அந்த வீட்டில்தான். கலியாணம் முடிந்த பிறகு ஒருநாள் உம்மா சொன்னார்: இன்னும் இரண்டு வருஷம் நிற்கிறேன் என்று சம்மதித்த நாளில்தான் வீட்டுக்காரி சந்தோஷப்பட்டு அந்தக் கேடயத்தைக் கொடுத்தாராம். பெட்டி வந்த அன்றே வாப்பாவுக்கும் அது தெரியுமாம்.

உனக்கு வீடு வேண்டுமா என்று எட்டு வயதில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வேண்டாம், உம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் இரண்டு பேருமே கேட்காமல் இருந்தார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.