நோகாமல் சொன்னவர்

என் கணவர் இரவிச்சந்திரன் பொய் சொல்லமாட்டார். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லும்போது மட்டும்தான் அவருக்கு அந்தப் பழக்கம்.

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். பிரெஞ்சு படித்தது அங்கேதான், இயந்திரச் சத்தத்துக்குள். அது தெரிந்ததும் நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதித் தமிழர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், குடிவரவு அலுவலகம், வைத்தியசாலை, எங்கே போவதென்றாலும் "ரவி அண்ணை, ஒருக்கா வாங்கோவன்" என்று அழைப்பு வரும். இவரும் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போவார். ஆனால் மனம் நோகும் ஒரு சொல்லைத் தன் வாயால் யாருக்கும் சொல்லமாட்டார். வீட்டுக்காரன் "இந்த மாதமே வெளியே போ" என்று கத்தினால், "கெதியாய் வேறை வீடு பாத்தால் நல்லமாம்" என்பார். நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறேன், பிரெஞ்சு எனக்கும் விளங்கும். "உங்கட வாய்க்குள்ள ஒரு சீனிப்போத்தல் இருக்கு" என்று பகிடி பண்ணுவேன். பகிடி பண்ணியதோடு நிறுத்திக்கொண்டேன், அதுதான் என் பிழை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கீழ்வீட்டுக் குணேஸ்வரியின் கணவர் வசீகரனுக்கு ஈரலில் புற்றுநோய். டாக்டரிடம் கூடப் போனவர் இவர்தான். இனிச் செய்ய ஒன்றுமில்லை, சில வாரங்கள்தான், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாமல் நிம்மதியாக இருக்கவிடுங்கள் என்றாராம் டாக்டர். அது குணேஸ்வரிக்குப் போய்ச் சேர்ந்தது இப்படி: "கொஞ்சம் கடுமையான வருத்தம்தானாம். வீட்டை கூட்டிக்கொண்டு போய் வடிவாப் பாக்கட்டாம். நல்லாச் சாப்பாடு குடு பிள்ளை."

வீட்டுக்கு வந்து என்னிடம் உள்ளதைச் சொன்னார். ஏன் அவளிடம் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நம்பிக்கையோட இருக்கட்டுமேயப்பா" என்றார். அதன் பிறகு கீழிருந்து ஒவ்வொரு வேளையும் அவள் குரல் கேட்கும். முதலில் கெஞ்சுவாள், பிறகு ஏசுவாள். சாப்பிடாவிட்டால் எப்படிச் சுகம் வரும், என்மேலும் பிள்ளைமேலும் அக்கறை இல்லையா என்று கேட்பாள். அவருக்கு விழுங்க முடியாது. இருபத்திமூன்றாம் நாள் வசீகரன் போய்விட்டார். இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மேலே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஜூன் மாதம் எங்கள் சமூக நிலையத்தில் காட்டுப்பூ பார்க்கும் நடைப்பயணம் ஒன்று ஒழுங்குசெய்தார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், எப்போதோ சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட இடம். மண் குறைவு, மரம் இல்லை, கணுக்கால் உயரப் புல். குணேஸ்வரி வீட்டைவிட்டு வெளியே வருவதே அருமை. இவர்தான் "வா பிள்ளை, காத்து வாங்கலாம்" என்று கூட்டிவந்தார்.

வழிகாட்டி செலீனுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. இறங்கியதுமே விரலை நிமிர்த்திச் சொன்னாள்: பாதையை விட்டு விலகக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது, ஒரு பூக்கூட. பத்துத் தமிழரும் இவரைப் பார்த்தார்கள்.

"கண்டபடி பிடுங்காதேங்கோ எண்டு சொல்லுறா" என்றார் இவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பத்துப் பேருக்கு முன்னால் மனிசனைத் திருத்துவது அழகில்லை என்று நானும் பேசாமல் நின்றேன்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். செலீன் முழங்காலில் நின்று சின்னச் சின்னப் பூவையெல்லாம் பூதக்கண்ணாடிக்குள் காட்டினாள். கடைசியில் ஒரு பாறை ஓரமாகக் கூட்டிப்போனாள். அங்கே ஒற்றைத் தண்டில் ஒற்றைப் பூ, மஞ்சளாய், கைக்குழந்தையின் சப்பாத்து மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. விதை விழுந்து முதல் பூ பூக்கப் பன்னிரண்டு வருடம் எடுத்ததாம். இந்த இடத்தில் இந்த வருடம் பூத்தது இது ஒன்றுதானாம்.

"நல்ல அருமையான பூவாம்" என்றார் இவர்.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். குணேஸ்வரி கடைசியாக வந்தாள். வீட்டுச் சாமிப்படத்துக்குக் கடையில் வாங்கிய பூ வைக்க அவளுக்குப் பிடிக்காது, முகர்ந்து பார்த்த பூவும் வைக்கமாட்டாள். கண்டபடி பிடுங்காதே என்றதைக் கேட்டவள், இரண்டு மணி நேரமும் ஒன்றையும் தொடாமல் வந்திருக்கிறாள். ஒன்றே ஒன்று, அதுவும் நல்லதாய் எடுப்போம் என்று பொறுத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பூ அவள் உள்ளங்கையில் இருந்தது.

செலீன் கத்தவில்லை. முகம் வெளிறிப்போய், தணிந்த குரலில் பேசினாள். பதினோரு வருடமாக இதைப் பார்க்க வருகிறேன், ஏன் இப்படிச் செய்தாய், நான் சொன்னது உன் காதில் விழவில்லையா?

"என்னண்ணை சொல்லுறா?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

இவர் செலீனைப் பார்த்தார், குணேஸ்வரியைப் பார்த்தார். "பரவாயில்லையாம்."

குணேஸ்வரி செலீனுக்குக் கைகூப்பி "மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். செலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

அடுத்த கிழமை நடைக்கு வந்த எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. செலீன் இனி எங்கள் ஆட்களைக் கூட்டிப்போவதில்லை. பறிக்கக் கூடாது என்று சொன்னதைத் தமிழிலும் சொன்னார்கள், அப்படியிருந்தும் பறித்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அதுதான் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். குணேஸ்வரியின் மகள் கஜந்தினி அதைத் தாய்க்கு வரிக்கு வரி வாசித்துக் காட்டியிருக்கிறாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளை, இருப்பதை இருப்பதுபோலச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை குணேஸ்வரி மாடிப்படி ஏறி வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, அந்த மனிசி பரவாயில்லை எண்டு சொல்லேல்லையே?"

"உனக்கு மனம் நோகும் எண்டுதான் பிள்ளை..."

"நான் அவவைப் பாத்துச் சிரிச்சனானண்ணை." ஓரடி முன்னால் வந்தாள். "அண்டைக்கு டாக்டர் சாப்பாடு குடுக்கச் சொன்னவரோ?"

இவர் கையிலிருந்த தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். டாக்டர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இவர் இன்னொருவருக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தாளுக்கு விழுங்க ஏலாமல் கிடந்திருக்கு" என்றாள் அவள். "நான் கரண்டியை வாய்க்குள்ள வைச்சு அமத்தினனான். கடைசி நாளும் ஏசிப்போட்டுத்தான் குசினிக்குக் கோப்பை கழுவப் போனனான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இது உங்களுக்கும் தெரியுமோ?"

"இல்லைப் பிள்ளை, அவளுக்கு ஒண்டும்..." என்று இவர் எனக்காகத் தொடங்கினார்.

"ஓம்" என்றேன். "தெரியும்."