சிவஞானம் பொறுக்கிய பதினொரு பேர்

1981 ஆகஸ்டில் ஒரு காலை, கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில் பல் துலக்கிக்கொண்டிருந்த சிவஞானம் அப்படியே சரிந்தார். வயது நாற்பத்து நான்கு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டெண்ட். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘போச்சு’, மனைவி அம்சவேணியைக் கூப்பிட்டாலும் ‘போச்சு’. தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று தெரிந்து ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் அவருக்கு எல்லாம் புரிகிறது என்று அம்சவேணி நம்பினாள். வேறு யாரும் நம்பவில்லை.

அக்டோபரில் மெடிக்கல் போர்டு கூப்பிட்டது. மூன்று டாக்டர்கள். பெயர் என்ன என்று ஹிந்தியில் கேட்டார்கள், பிறகு இங்கிலீஷில் கேட்டார்கள். இரண்டுக்கும் போச்சு என்றார். புத்தியும் போய்விட்டது போலிருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, பதினைந்து வருஷம் கடைத்தெருவில் ஹிந்தி பழகிய அம்சவேணிக்குப் புரிந்தது. டிசம்பரில் மறுபடி அழைத்துவரச் சொன்னார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினால் வேலையோடு வீடும் போகும். புத்தியில்லை என்றும் சேர்த்து எழுதினால் அவர் தன் பேருக்கே சொந்தக்காரர் இல்லை. பென்ஷன் முதல் எல்லாவற்றுக்கும் ஊரிலிருக்கும் அவருடைய அண்ணன் பொறுப்பாளராக வந்து கையெழுத்துப் போடுவார்.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் வந்தார். அதே அலுவலகம், பத்து வருஷ சிநேகிதம். கூடவே லட்சுமணனும் சட்டா என்ற பஞ்சாபிக்காரரும். இந்த நான்கு பேரும் குளிர்காலம்தோறும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அமைச்சகங்களுக்கிடையே நடக்கும் கிரிக்கெட் போட்டியில் ஆடப்போகிற நூறு பேரின் பட்டியலை வைத்துக்கொண்டு, முறை வைத்து ஆளுக்கு ஒருவராகப் பொறுக்கிப் பதினொரு பேர் கொண்ட காகித டீம் கட்டுவார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. நிஜ ஆட்டத்தில் அந்த ஆள் அடித்த ரன்னும் எடுத்த விக்கெட்டும் அவரைப் பொறுக்கியவர் கணக்கில் சேரும். இதைத் தொடங்கிவைத்ததே சிவஞானம்தான். மதிய உணவு நேரத்தில் மைதான ஓரம் நின்று ஒவ்வொருவனையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைப்பார்.

இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். வெளியே வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டதும் இடது கையால் பூவராகவனின் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தார். பட்டியல் அதில் இருந்தது.

அம்சவேணி மனதில் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. “இவரும் ஆடுவாருங்க அண்ணே. நான் ஒவ்வொரு பேரா விரல் வைக்கிறேன். வேணுங்கிற பேரு வந்தா கையில தட்டட்டும்” என்றாள்.

சட்டா, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேகப்பந்து வீச்சாளனை முதலில் எடுத்துக்கொண்டார். அடுத்தது சிவஞானம். அம்சவேணி விரலை மெல்ல இறக்கினாள். புகழ்பெற்ற பெயர்களையெல்லாம் தாண்டி, அறுபதாவது பெயருக்கு அருகில் அவள் கையில் அடி விழுந்தது. பி. எல். மீனா. ஒருவருக்கும் தெரியாத பெயர்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை தவறிப் பட்டிருக்கும், வேறு நல்ல ஆளாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார் லட்சுமணன், இரக்கத்தோடு. அந்த இரக்கம் சிவஞானத்துக்குப் பொறுக்கவில்லை. “போச்சு, போச்சு” என்று நாற்காலியை அடித்தார். அம்சவேணி மறுபடி பட்டியலை எடுத்தாள். இந்த முறை கீழிருந்து மேலே விரலைக் கொண்டுபோனாள். அதே மீனா. பிறகு வரிசையில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டாள். மறுபடியும் மீனா.

பூவராகவன் உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்தார். மார்ச் மாதத்துப் பக்கத்தில் சிவஞானத்தின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது: “மீனா. புதுசு. இடது கை சுழல். யாரும் கவனிக்கவில்லை.”

பூவராகவன் அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

ஆறு சுற்று வரை சிவஞானம் தயங்கவே இல்லை. ஏழாவது சுற்றில், சட்டா எடுத்துவிட்ட ஆளின் பெயரில் தட்டினார். சொல்லியும் ஒப்புக்கொள்ளாமல் அதையே திரும்பத் தட்டினார். வாயோரம் எச்சில் வழிந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் அழ ஆரம்பித்தார். அம்சவேணி பட்டியலிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். முதல் ஆறும்கூடத் தற்செயல்தானோ? தான்தான் தன்னை அறியாமல் அந்தப் பெயர்களில் விரலை நிறுத்திவிட்டாளோ? களைத்திருப்பார், நாளைக்கு முடிக்கலாம் என்று பூவராகவன் அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனார். மறுநாள் மாலை மீதி ஐந்து பேரையும் சிவஞானம் பொறுக்கினார். நோட்டோடு ஒத்துப்பார்த்தால் ஒன்றுகூடப் பிசகவில்லை.

டிசம்பரில் அம்சவேணி அந்த நோட்டோடும் பூவராகவனோடும் போர்டுக்கு முன்னால் நின்றாள். பெரிய டாக்டர் நோட்டைத் தொடவில்லை. விளையாட்டு வேறு, ஃபைல் பார்ப்பது வேறு என்றார். அவள் நகரவில்லை.

“பேச்சுத்தான் போச்சு சாப், புத்தி போகல. எழுதிக் காட்டுங்க, கைய வச்சுக் காட்டுவாரு. ஒரே ஒரு தடவை பாருங்க” என்று ஹிந்தியிலும் தமிழிலுமாகக் கெஞ்சினாள். பேசிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூவராகவன் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.

மூவரில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஒரு தாளை எடுத்து, சிவஞானத்தின் பெயரோடு வேறு மூன்று பெயர்களை எழுதி அவர் முன் வைத்தார். அவர் தன் பெயரைத் தொட்டார். பிறந்த வருஷம், அலுவலகத்தின் பெயர், மனைவியின் பெயர், எல்லாம் சரியாக வந்தன. பெரிய டாக்டர் பேனாவை நீட்டி, இடது கையால் ஒரு வரி எழுதச் சொன்னார். சிவஞானம் வெகுநேரம் முயன்றார். தாளில் கிறுக்கல்தான் விழுந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “போச்சு” என்றார். அந்த ஒரு தடவை அவர் சொல்ல வந்ததும் அதுவாகவே இருந்தது.

வேலைக்குத் தகுதியில்லை, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதினார்கள். அவருடைய பென்ஷன் காகிதங்களில் அவரே இடது கைப் பெருவிரலை வைத்தார். அண்ணன் வர வேண்டியிருக்கவில்லை. வீடு போயிற்று. ஜூன் மாத வெயிலில் கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறைக்குக் குடிபோனார்கள். அதே அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலை அம்சவேணிக்குக் கிடைத்தது. காலையில் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓட வேண்டும். மாடிப்படி அவருக்கு ஆகாது. அந்த அறையை விட்டு அவர் இறங்கவே இல்லை.

காகித டீம்களில் அவருடையது மூன்றாவதாகத்தான் வந்தது. அடுத்த நவம்பரில் நண்பர்கள் மூன்று மாடி ஏறி வந்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறு ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அவர்கள் படியில் மூச்சுவாங்கும் சத்தம் கேட்டு, தன்னை நிமிர்த்தி உட்காரவைக்கும்படி அம்சவேணியின் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் தலையணைகளை அவர் முதுகுக்கு அண்டை கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.